தாழ்ப்பாள் போட்ட ஆட்டம்

தோற்காதிருப்பதே வெற்றி என்றொரு கொள்கை நமது உதைபந்தாட்ட மைதானங்களிலே இன்று வேரூன்றி வருகின்றது. அரியாலையில் மாலை ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் இளைஞரிடமும், பாடசாலை அணிகளைப் பயிற்றும் ஆசிரியர் சிலரிடமும், கிண்ணத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டக் காத்திருக்கும் பழைய மாணவரிடமும் இக்கொள்கையைக் கேட்கலாம். "முதலில் பின்பக்கத்தைப் பூட்டு, மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்பது அவர்களது உபதேசம். அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதேயில்லை. எண்பது நிமிடங்கள் பந்தை வெளியே உதைத்து, சமநிலை தவிர்ப்பு உதைகளுக்காகக் காத்திருந்து, அதிலே அதிர்ஷ்டம் கைகொடுத்தால் அதனை நுட்பமென்றும் முதிர்ச்சியென்றும் பாராட்டுகின்றோம்.

இதனை வெறும் விளையாட்டுச் செய்தியெனப் புறந்தள்ளும் வாசகரும் இருக்கக்கூடும். இலக்கியத்தையும் சமுதாயத்தையும் பேசும் பக்கங்களில் பந்துக்கு என்ன வேலை என அவர்கள் வினவலாம். ஒரு மக்கட் கூட்டம் தன் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கின்றது, தன் பிள்ளைகளை எதற்காகக் கைதட்டி ஊக்குவிக்கின்றது என்பதை அறியாது அதன் பண்பாட்டைப் பேச முற்படுவது வீண் முயற்சி. யாழ்ப்பாணத்தில் துடுப்பாட்டம் பெருங் கல்லூரிகளின் மதிலுக்குள்ளே வளர்ந்தது. உதைபந்தாட்டமோ மிஷன் பாடசாலைகள் வழியாக வந்து, மதிலைத் தாண்டி ஊர்களிலே குடியேறியது. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், ஊரெழு றோயல், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், அரியாலை சரஸ்வதி என்னும் கழகப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கடலிலும் தோட்டத்திலும் பட்டறையிலும் உழைப்போரின் ஊர்கள் அப்பெயர்களுள் ஒலிக்கும். இத்தகைய ஆட்டம் எவ்வாறு ஆடப்படுகின்றது என்பது நமக்கு அலட்சியமான விடயமாக இருக்க முடியாது.

எதிர்த்தரப்பினரின் வாதங்களை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். அவை மூன்று. பலவீனர் தடுத்தாடுவதே அறிவுடைமை என்பது முதலாவது. தடுத்தாடிய நாடுகளே கிண்ணம் வென்றுள்ளன, ஆகவே வரலாறு தம் பக்கம் என்பது இரண்டாவது. நம்மவரின் வாழ்வே தற்காப்பாகக் கழிந்தது, ஆகவே தடுத்தாட்டமே நமது இயல்பு என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது வாதம் புதியதன்று. இத்தாலியின் பெயர்பெற்ற விளையாட்டு எழுத்தாளர் ஜியானி பிரேரா இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இதனையே விடாது எழுதி வந்தார். இத்தாலியர் வறுமையால் போதிய உணவின்றி வளர்ந்தவர்கள், வடபுலத்து உடல்வலிமையோடு அவர்கள் நேர்நின்று மோத இயலாது, ஆகவே பின்னே ஒதுங்கியிருந்து எதிரி அயரும் வேளையில் பாய்வதே அவர்களுக்குரிய வழி என்பது அவர் கட்சி. வறுமையைக் கண்டு சொன்ன வரையில் அவர் உண்மையே சொன்னார். ஆனால் வறுமையைப் போக்க வேண்டிய நிலைமையாகக் கொள்ளாது, மாறாத இயல்பாகக் கொண்டமையே அவரது பிழை. மெலிந்தவனைப் பார்த்து "நீ மெலிந்தவன், ஆகவே குனிந்தே நில்" என்று கூறுவது ஆலோசனையாகத் தோன்றலாம், அது தீர்ப்பு.

இத்தீர்ப்புக்குப் பதில் 1967 மே 25 ஆம் நாள் லிஸ்பனில் கிடைத்தது. அன்று ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஹெலெனியோ ஹெரேராவின் இன்ரர் மிலானும் ஸ்கொட்லாந்தின் செல்ரிக் கழகமும் சந்தித்தன. 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதே கிண்ணத்தை வென்ற இன்ரர், தாழ்ப்பாள் எனப் பொருள்படும் "கத்தெனாச்சியோ" முறையின் சிகரமாகக் கருதப்பட்ட அணி. செல்ரிக் வீரர்களோ எல்லோரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி ஏறக்குறைய முப்பது மைல் எல்லைக்குள் பிறந்த உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களைப் பயிற்றிய ஜொக் ஸ்ரெயின் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ஏழாம் நிமிடத்தில் தண்ட உதை மூலம் ஒரு கோல் பெற்ற இன்ரர், அத்துடன் தன் வேலை முடிந்ததெனக் கருதிக் கதவைப் பூட்டிக்கொண்டது. எஞ்சிய நேரம் முழுவதும் செல்ரிக் அந்தக் கதவை இடித்தது. இருமுறை பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் மோதித் திரும்பிற்று. இறுதியில் ஜெம்மல் ஒரு கோலும் சாமர்ஸ் ஒரு கோலும் அடிக்க, இரண்டுக்கு ஒன்றென உள்ளூர்ப் பிள்ளைகள் வென்றனர். முதற் கோலை அடித்த ஜெம்மல் ஒரு பின்கள வீரர் என்பதை வாசகர் மனத்திற் குறித்து வைக்குமாறு வேண்டுகிறோம்; அதற்கு மீண்டும் வருவோம்.

ஐரோப்பியரின் வறுமை வேறு, நமது வறுமை வேறு என்பாரும் உளர். அவர்களுக்காக 1966 ஐ நினைவூட்டுவோம். அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டியில் எவரும் பொருட்படுத்தாத வட கொரியா, மிடில்ஸ்பரோ நகரில் இத்தாலியை ஒன்றுக்குப் பூச்சியமென வென்றது. கால் இறுதியில் போர்த்துக்கலுக்கு எதிராக முதல் இருபத்தைந்து நிமிடங்களில் மூன்று கோல்களைப் போட்டது. பின்னர் யுசேபியோ தனித்து நான்கு கோல்கள் அடிக்க, ஐந்துக்கு மூன்றெனத் தோற்றது. "மூன்று கோல்கள் கிடைத்த பின் பூட்டியிருக்க வேண்டாமா?" எனத் தாழ்ப்பாள்வாதிகள் இன்றும் கேட்கின்றனர். பூட்டியிருந்தால் வென்றிருக்கவும் கூடும், தோற்றிருக்கவும் கூடும்; அதனை யாரறிவார்? ஆனால் உயரத்திற் குறைந்த, உலக அரங்கிற்கு முற்றிலும் புதியவர்களான அவ்வணியினர், ஆசியர் உலகக் கிண்ணத்தில் அஞ்சாது ஆடமுடியும் என்பதை ஒரே வாரத்தில் நிறுவிக் காட்டினர். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஆட்டம் பேசப்படுகின்றது.

இன்னும் அண்மையில் வருவோம். இந்திய உதைபந்தாட்டத்தின் பொற்காலத்தை ஆக்கியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். தொழிலால் அவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1953 நவம்பர் 25 இல் வெம்பிளியில் ஹங்கேரியர் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்றென வென்றபோது, அவர்களது நடு முன்கள வீரரான ஹிடெக்குட்டி முன்னே நில்லாது பின்னே இறங்கி ஆடியமை எதிரணியின் தடுப்பைக் குலைத்தது. உலகமே வியந்த அந்த ஆட்டமுறையைக் கற்று, வசதியற்ற ஒரு நாட்டின் வீரருக்குப் பொருந்துமாறு ஆக்கியவர் ரஹீம். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அவரது அணி அவுஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டென வென்று நான்காம் இடத்தைப் பெற்றது. நெவில் டி சூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்றென வென்று தங்கம் பெற்றது. அந்த இறுதியாட்டத்தில் கோல் அடித்தோருள் ஒருவர் ஜர்னைல் சிங். அவரும் பின்கள வீரர். முந்திய ஆட்டமொன்றில் தலையிற் காயமடைந்து தையல் போடப்பட்டிருந்த அவரை ஓய்வெடுக்கச் சொல்லாமலும், பின்னே நின்று சமாளிக்கச் சொல்லாமலும், முன்களத்தில் நிறுத்தினார் ரஹீம். பலவீனர் பதுங்க வேண்டும் என்பவர்கள் இந்த ஆசிரியரின் துணிவுக்கு என்ன விளக்கம் கூறுவர்?

இனி இரண்டாவது வாதம். தடுத்தாடியோர் கிண்ணம் வென்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. 2004 இல் கிரேக்கம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. கால் இறுதி, அரை இறுதி, இறுதி ஆகிய மூன்றிலும் அது பெற்றது ஒன்றுக்குப் பூச்சியம் என்ற வெற்றியே. கிரேக்க மக்களின் மகிழ்ச்சி உண்மையானது. அதனைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆயினும் நான்கு ஆண்டுகளின் பின் அதே பயிற்றுநரின் கீழ் அதே போட்டிக்குச் சென்ற கிரேக்கம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறிற்று. தாழ்ப்பாள் ஒரு கிண்ணத்தைத் தந்தது. ஓர் ஆட்ட மரபை அது தரவில்லை. 1954 இறுதியாட்டத்தில் தோற்ற ஹங்கேரியையும், 1974 இல் தோற்ற நெதர்லாந்தையும், 1982 இல் பார்சலோனாவில் இத்தாலியிடம் மூன்றுக்கு இரண்டென வீழ்ந்த பிரேசிலையும் நோக்குங்கள். அந்தப் பிரேசிலுக்கு அன்று ஒரு சமநிலையே போதுமானதாயிருந்தது. பூட்டத் தெரியாமல் தோற்றது என்பர். எனினும் அந்த மூன்று அணிகளிடமிருந்தும் கற்காத பயிற்றுநர் இன்று உலகில் எவரும் இலர். தோற்றவர்களே ஆசான்களாயினர் என்பதற்கு வரலாறு தரும் சான்று இதுவாகும்.

மேலும், தாழ்ப்பாளின் வரலாற்றையே அதன் பக்தர்கள் சரிவரப் படித்ததில்லை. அதன் மூலவர் வியன்னாவிற் பிறந்த கார்ல் ரப்பன். 1930களில் சுவிற்சர்லாந்தில், முழுநேரத் தொழில்முறையினர் அல்லாத வீரரைக் கொண்டு வலிய அணிகளை எதிர்கொள்ளும் பொருட்டு அவர் இம்முறையை வகுத்தார். 1938 யூன் 9 இல், ஒஸ்திரியாவை விழுங்கி மூன்று மாதங்களேயான நாஜி ஜேர்மனியின் அணியை அவரது சுவிஸ் அணி பாரிஸில் சந்தித்தது. சுவிஸ் அணி முதலில் இரண்டு கோல்களால் பின்தங்கியது. பின்னர் நான்கு கோல்களைப் போட்டு நான்குக்கு இரண்டென வென்றது. வெறுமனே பூட்டிக் கிடந்திருந்தால் அந்த வெற்றி கிட்டியிராது. ஹெரேராவிடமும் இதுவே உண்மை. அவரது அணியின் இடதுபுறப் பின்கள வீரரான பச்செற்றி, 1965-66 பருவத்தில் மட்டும் இத்தாலிய லீக்கில் பத்துக் கோல்கள் அடித்தார். பின்வந்த போலிகள் தாழ்ப்பாளை மட்டும் கொண்டு சென்றனர். அதனைத் திறக்கும் கையை விட்டுவிட்டனர்.

2022 இல் மொரோக்கோ செய்ததும் இதன் வழிப்பட்டதே. ஆபிரிக்க நாடொன்று உலகக் கிண்ண அரை இறுதியை எட்டியது அதுவே முதன்முறை. அரை இறுதிவரை அவர்கள் வாங்கியது ஒரேயொரு கோல். அதுவும் தம் வீரர் ஒருவரின் காலிற் பட்டுச் சென்றது. ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் அவர்கள் தடுத்தது அச்சத்தினால் அன்று. பந்தைப் பறித்த கணத்திலே அவர்கள் முன்னோக்கி ஓடிய ஓட்டத்தைக் கண்டோர் அதனை உணர்வர். ஆகவே தடுத்தல் இழிவு என்று நாம் கூறவில்லை. எதற்காகத் தடுக்கின்றோம் என்பதே கேள்வி. பாய்வதற்காகக் காலை ஊன்றுவதும் ஒளிந்துகொள்வதற்காகக் குந்துவதும் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். ஆடுபவனுக்கு வேறுபாடு தெரியும்.

மூன்றாவது வாதத்தையே நாம் மிகுந்த கவனத்துடன் அணுக வேண்டும். ஏனெனில் அது நமது காயத்திலிருந்து பிறக்கின்றது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி அரியாலையைக் கடந்து, செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தனர். விமானச் சத்தம் கேட்டதும் பதுங்கு குழிக்குள் ஓடிய தலைமுறை இன்று பயிற்றுநராயும் பெற்றோராயும் மைதானத்தின் ஓரத்தில் நிற்கின்றது. "தப்பிப் பிழைத்தல்" என்பது அவர்களுக்கு வெறும் சொல்லன்று. அத்தகையோர் தம் பிள்ளையைப் பார்த்து "முதலில் காப்பாற்று" என்று கூவுவதன் நியாயம் நமக்கு விளங்குகின்றது.

ஆனால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய நாளின் விதியை விளையாட வேண்டிய நாளின் விதியாக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. பதுங்கு குழி வெட்டியவர்கள் அதற்குள்ளே வாழ்வதற்காக அதனை வெட்டவில்லை. வெளியே வரும் நாளுக்காகவே வெட்டினர். போர் ஓய்ந்தபின் பிறந்த சிறுவனுக்கு மைதானத்தில் எதிரி இல்லை. எதிரே ஆடுபவன் பக்கத்து ஊர்ச் சிறுவன். அவனுக்குத் தோற்றால் இழப்பது ஒரு மாலைப் பொழுதின் மகிழ்ச்சி மட்டுமே. தோல்வியைப் பேரழிவாக அவனுக்குக் கற்பிப்பது, நாம் கடந்து வந்த இருட்டை அவன் தலையிலும் சுமத்துவதாகும். நமது இயல்பு தற்காப்பு என்று பேசுவோர், நம்மீது பிறர் திணித்த நிலைமையை நமது இயல்பென ஒப்புக்கொள்கின்றனர். பிரேராவின் பிழையும் இதுவே.

இதுவரை வலப்புறம் நோக்கிப் பேசினோம். இனி நமது முகாமைச் சேர்ந்த நண்பர்களிடமும் ஒரு சொல். தாக்கி ஆடுவது முற்போக்கு, தடுத்தாடுவது பிற்போக்கு என்று சூத்திரம் வகுத்துத் திருப்தியடைவோர் நம்மிடையே உளர். ஹங்கேரியப் பயிற்றுநர் குஸ்தாவ் செபெஸ் தம் அணியின் ஆட்டத்தைச் சோசலிச உதைபந்தாட்டம் என அழைத்தார். அந்த ஆட்டத்தின் கூட்டுணர்வு மெய்; ஆனால் 1956 இன் பின் அந்த அணியே சிதறியது, அதன் தலைவர் புஸ்காஸ் பிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் றியல் மட்றிட் கழகத்துக்கு ஆடினார். ஆர்ஜென்ரீனாவின் செசார் லூயிஸ் மெனோட்டி இடதுசாரி. தாராளமான, மக்களுக்கு மகிழ்வூட்டும் ஆட்டமே இடதுசாரிகளின் ஆட்டம் என வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர். 1978 யூன் 25 இல் அவரது அணி நெதர்லாந்தை மூன்றுக்கு ஒன்றென வென்றபோது, கிண்ணத்தை வழங்கியவர் இராணுவ ஆட்சித் தலைவர் விதேலா. அரங்கின் ஆரவாரம் கேட்கக்கூடிய தொலைவிலே கடற்படைப் பொறியியற் பாடசாலையில் மனிதர் சித்திரவதைக்குள்ளாகிக் கொண்டிருந்தனர்.

இதனை யாழ்ப்பாணத்து வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1999 இல் துரையப்பா விளையாட்டரங்கைப் புனரமைக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2025 இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்திலே 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அழகான ஆட்டம் எதுவும் ஓர் ஆட்சிக்கு நற்சான்றாகாது. ஆட்டத்தின் ஆரவாரத்தால் நிலத்தின் மௌனத்தை மூடவும் இயலாது. ஆட்டமுறை அரசியலுக்குப் பதிலாகும் என நம்புவோர் இரண்டையுமே அறியாதவர்கள்.

அப்படியாயின் ஆட்டமுறைக்கும் சமுதாயத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதனைச் சூத்திரத்தில் தேடாது, ஆட்டத்தின் பொருளாதாரத்தில் தேட வேண்டும். உலகக் கிண்ணப் போட்டிகளில் 1954 இல் 26 ஆட்டங்களில் 140 கோல்கள் அடிக்கப்பட்டன. 1990 இல் 52 ஆட்டங்களில் 115 மட்டுமே. ஆட்டமொன்றுக்கு ஐந்துக்கு மேலிருந்த கணக்கு இரண்டு சொச்சமாகச் சுருங்கியது. இடைப்பட்ட காலத்தில் வீரரின் உடற்பயிற்சி முன்னேறியது, தடுப்பு முறைகள் நுணுகின என்பன உண்மை. இவற்றுடன், தோல்வியின் விலையும் ஏறியது. விளம்பரதாரரின் பணமும் தொலைக்காட்சியின் பணமும் புகுந்த இடத்தில் தோற்பது என்பது முதலீட்டின் நட்டமாயிற்று. நட்டத்துக்கு அஞ்சும் முதலாளியின் அச்சம் பயிற்றுநருக்கு இறங்கி, பயிற்றுநரின் அச்சம் வீரனின் காலுக்கு இறங்கியது. ஆட்டம் விலைபோகாத அளவுக்கு வரண்டபோது விதிகளையே மாற்ற நேர்ந்தது. சக வீரர் காலால் வேண்டுமென்று திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காப்பாளர் கையாற் பிடிக்கலாகாது என 1992 இல் விதித்தனர். 1994 உலகக் கிண்ணத்தில் வெற்றிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளிகள் வழங்கினர். நோயை உண்டாக்கியவர்களே மருந்தும் விற்றனர்.

உண்மையான தாழ்ப்பாள் எது என்பதை 2021 ஏப்ரலில் உலகம் நேரிற் கண்டது. ஐரோப்பாவின் பன்னிரண்டு செல்வக் கழகங்கள், எந்நாளும் தாம் வெளியேற்றப்படாத ஒரு தனி லீக்கை அமைப்பதாக அறிவித்தன. அவற்றுள் தாக்குதல் ஆட்டத்துக்குப் பெயர்போன பார்சலோனாவும் றியல் மட்றிட்டும் இருந்தன. மைதானத்திலே எவ்வளவு திறந்து ஆடினாலும், கணக்குப் புத்தகத்திலே அவை கதவைப் பூட்டின. சிறிய கழகங்கள் உள்ளே வராதபடி தாழிட்டன. இங்கிலாந்தின் ஆதரவாளர்கள் வீதியில் இறங்கினர். அத்திட்டம் சில நாள்களிலே சரிந்தது. தோல்வியே வேண்டாம் எனத் தனக்குத் தானே சட்டம் எழுதிக்கொள்ளும் மூலதனத்தினும் கடுமையான தடுத்தாட்டக்காரர் எவரும் இல்லை. அந்த மனப்பான்மையைப் பணமே புழங்காத நமது ஊர் மைதானத்திற்கு இரவல் வாங்கி வருவானேன்? அவர்களுக்கு இழக்கக் கோடிகள் இருக்கின்றன. வேலியோரத்துப் பனையடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆட வரும் பிள்ளைக்கு இழக்க என்ன இருக்கின்றது?

இங்கேதான் ஆசிரியரோடு நாம் நேரே பேச விரும்புகிறோம். ஜெம்மல், பச்செற்றி, ஜர்னைல் சிங் என மூவரைக் குறிப்பிட்டோம். 1970 யூன் 21 இல் மெக்சிக்கோவில் பிரேசில் இத்தாலியை நான்குக்கு ஒன்றென வென்றபோது நான்காம் கோலை அடித்த கார்லோஸ் அல்பேர்ட்டோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நால்வரும் பின்கள வீரர். தடுப்பவன் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அடிப்பவன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தொழிற்பிரிவினையை உடைத்தவர்கள். நமது பாடசாலைகளில் நடப்பது யாது? பன்னிரண்டு வயதிலே ஒரு சிறுவன் உயரமாயும் கனமாயும் இருந்தால் அவனைப் பின்னே நிறுத்துகின்றோம். நடுக்கோட்டைத் தாண்டாதே என்கின்றோம். பந்து வந்தால் யோசியாமல் வெளியே அடி என்கின்றோம். பாடசாலை வாழ்வு முடியும்வரை அவன் ஒருபோதும் எதிரணியின் கோல் கம்பத்தை அருகிற் காண்பதில்லை. சிலர் சிந்திக்கவும் பலர் ஏவலுக்கு உழைக்கவும் எனச் சமுதாயம் மனிதரைப் பிரித்து வைத்திருப்பதை வகுப்பறையில் கண்டித்துவிட்டு, மாலையிலே மைதானத்தில் அதனையே நடைமுறைப்படுத்துகின்றோம்.

வகுப்பறையிலும் கண்டிக்கின்றோமா என்பதும் ஐயமே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து உயர்தரம் வரை வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழாதிருத்தலே கல்வியின் நோக்கமாகிவிட்டது. தனியார் கல்வி நிலையங்களின் வாங்குகளில் மாலைகளைத் தொலைக்கும் மாணவன் கற்பது, தவறு செய்யாதிருக்கும் வித்தை ஒன்றையே. தன் சொந்தக் கருத்தை எழுதினால் புள்ளி குறையுமோ என அஞ்சி, கொடுத்த குறிப்பையே திருப்பி எழுதுகிறான். இது கல்வியில் தாழ்ப்பாள் ஆட்டம். இந்த அச்சத்திலிருந்து விடுபட அவனுக்குக் கிடைக்கும் ஒரேயொரு வெளி மைதானம். அங்கேயும் "தவறவிடாதே, துணியாதே, வெளியே அடி" என்ற கூச்சலே அவன் காதில் விழுமாயின் அப்பிள்ளை எங்கேதான் துணியக் கற்பான்?

பெண் பிள்ளைகளின் ஆட்டம் இதற்கு நல்ல விடை தந்துள்ளது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிகளில் வெற்றிவாகை சூடியபோது, அவர்களுக்கு முன்னே நின்ற தடைகள் எதிரணியின் பின்கள வீராங்கனைகள் மட்டுமல்ல. "பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்ற ஊர்வாயும் ஒரு தடுப்பரணே. அடக்கமாயிருந்து, ஒதுங்கி நின்று, தற்காத்துக்கொள் என்பதுதான் பெண்ணுக்கு நமது சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த ஆட்டமுறை. அதனை மீறி நடுக்கோட்டைத் தாண்டிய அந்தப் பிள்ளைகளிடம், தாழ்ப்பாளின் சிறப்பைப் பற்றி எவரேனும் உபதேசிக்க முடியுமா?

கண்டித்தல் மட்டும் போதாது, செய்யக்கூடியவற்றையும் சொல்லவேண்டும். சிறுவர்களுக்கான போட்டிகளில் விலகல் முறையைக் கைவிட்டு, எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக் முறையைக் கைக்கொள்ளுதல் வேண்டும். ஒரு தோல்வியோடு பருவமே முடிந்துவிடும் நிலையில் எந்தப் பயிற்றுநரும் துணியமாட்டார். பதினான்கு வயதுக்குட்பட்டோரின் இறுதியாட்டம் சமநிலையில் முடிந்தால் கிண்ணத்தை இரு பாடசாலைகளும் ஆறு ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டும். ஒரு சிறுவன் தவறவிட்ட தண்ட உதையின் பாரத்தை அவன் தலையில் ஏற்றவேண்டியதில்லை. ஒரு பருவத்திற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பின்களத்திலும் நடுக்களத்திலும் முன்களத்திலும் ஆடியிருக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநர்கள் தாமே விதியாக்கிக்கொள்ளலாம். பாடசாலைகளின் மைதானங்களை மாலையில் பெண் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். இவை எவற்றுக்கும் அமைச்சரின் அனுமதியோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. ஓர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினால் போதும்.

இவ்வாறு செய்தால் கிண்ணங்கள் குறையுமே எனப் பழைய மாணவர் சங்கங்கள் கவலையுறக்கூடும். குறையலாம். சில ஆண்டுகள் நமது அணிகள் ஐந்துக்கு மூன்றெனத் தோற்கவும் நேரலாம். ஆனால் மூன்று கோல் அடித்துத் தோற்ற சிறுவன் மறுநாள் மாலையும் மைதானத்துக்கு வருவான். ஒரு கோலும் அடிக்க முயலாது வென்ற சிறுவன் கிண்ணம் பெட்டிக்குள் போனதும் பந்தை மறந்துவிடுவான். இவ்விருவரில் எவனை நாம் வளர்க்கப் போகின்றோம் என்பதை இந்தப் பருவத்துக்குரிய பயிற்சி தொடங்குமுன் ஆசிரியர்கள் தீர்மானிக்கவேண்டும். மாணவர்களும் அதனை அவர்களிடம் கேட்கவேண்டும்.